மீன் டீச்சர்

என் பொத்தான் டப்பாவை மேசைமேல் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, நாற்காலியில் ஏறி நின்று, மேலிருந்து செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என் தம்பி மனைவி. நாளைக் காலையில் நான் ஒரு சட்டையைத் தைத்துக் கொடுத்தாக வேண்டும். அதற்கான பொத்தான்கள் அந்தக் குவியலுக்குள் எங்கோ கிடக்கின்றன. கையை நீட்டினால், "தொடாதீங்கக்கா, நிழல் விழுது" என்கிறாள். என் பொத்தானைத் தொட நான் இவளிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் இதெல்லாம் சகஜம்.

இவள் ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. பிள்ளைகளுக்கு எண்களைப் பழக்குவதற்காகக் கணினி விளையாட்டுகளைத் தானே செய்கிறவள். வகுப்பறைச் சுவரில் பெரிய தொடுதிரை ஒன்றை மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இவளுடைய லேப்டாப்பில் ஓடுவதெல்லாம் அதில் பெரிதாகத் தெரியும். விரலால் தொட்டால் சொன்னபடி கேட்கும். திரையோடு சேர்த்து விளையாட்டுகளும் வந்தனவாம். அவற்றில் விடை சரியாக இருந்தால் வெடி வெடித்து நட்சத்திரம் கொட்டும், தப்பாக இருந்தால் கழுதை கத்தும். முதல் நாளே ஒரு பிள்ளை கழுதைக்குப் பயந்து மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டதாம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் தோள் பையைக்கூட இறக்கவில்லை. "நானே செஞ்சுக்கறேன்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. எதிரில் நான்தான் இருந்தேன், அதனால் "செய்யேன், யார் வேண்டாம்னா?" என்றேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் வைத்த இடத்தில் இருப்பதில்லை.

கீழே என் தையல் கடை, மேலே அவர்கள் குடித்தனம், சமையல் மட்டும் ஒரே அடுப்பில். கரண்டிகளைத் தேடினால் அவை ஜன்னல் ஓரத்தில் வெயிலில் வரிசை கட்டி நிற்கும், கூட்டல் கணக்குக்காக. துணிக் கவ்விகள் கொடியில் ஐந்தைந்தாகத் தொங்கும்; அதில் துணி காயப் போடக் கூடாது. இரண்டாம் வாய்ப்பாட்டுக்கு ஜோடி ஜோடியாகப் படம் வேண்டும் என்று ஒரு நாள் அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் செருப்பு இரவல் வாங்கி வந்து எங்கள் வாசலில் அடுக்கிவிட்டாள். எதிர்வீட்டுக்காரர் அலுவலகத்திலிருந்து வந்தவர், அத்தனை செருப்பையும் பார்த்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மெதுவாக என் கடைக்குள் எட்டிப் பார்த்து, "யாருக்கு என்ன ஆச்சும்மா?" என்றார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, வாய்ப்பாடுதான் ஆகிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆள் பார்க்கச் சிறியவள். நடை மட்டும் பெரியது. இவளோடு கடைக்குப் போனால் நான் பின்னால் ஓட வேண்டும். கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். அதைத் தேடி வீட்டையே புரட்டிப் போடுவாள், நான் ஒன்றும் சொல்லாமல் வேடிக்கை பார்ப்பேன். ஏழு வயதுப் பிள்ளைகளோடு பகலெல்லாம் பேசிப் பேசி, பெரியவர்களிடமும் அதே பேச்சு வந்துவிட்டது. ஒரு தடவை வங்கியில் வரிசை கலைந்து ஆளாளுக்கு முண்டியபோது, "இப்ப நாம எல்லாரும் என்ன செய்யப் போறோம்? ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா நிக்கப் போறோம்" என்று இவள் சொல்ல, மீசை வைத்த ஆண்கள் எல்லாம் சத்தமில்லாமல் வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன். 'தப்பு' என்ற வார்த்தை இவள் வாயில் வராது. குழம்பில் நான் உப்பை அள்ளிப் போட்டுவிட்ட அன்று ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, "நாளைக்கு இன்னொரு முறை முயற்சி பண்ணலாமாக்கா?" என்றாள். நேரே திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

கழுதை கத்தும் இடத்தில் என்ன வைப்பது என்று வெகு நாள் யோசித்தாள். கடைசியில் என் தம்பியின் குரலை வைத்தாள். அவன் சரக்கு லாரிகளை அனுப்பும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன். பகலெல்லாம் போனில் ஓட்டுநர்களோடு கத்திக் கத்தித் தொண்டை கரகரத்துப் போனவன். அவனை அலமாரிக்குள் தலையை விட்டுப் பேசச் சொல்லி, வெளிச்சத்தம் வராமல் பதிவு செய்தாள். பிள்ளை தவறான விடையைத் தொட்டால் அவன் குரல், "மறுபடி பார்ப்போம்" என்று சொல்லும். என்ன குழைவு, என்ன கனிவு! கூடப்பிறந்த என்னிடம் அவன் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை. சரியான விடையைத் தொட்டால் இவளுடைய குரல் வரும், அந்த எண்ணை மட்டும் சொல்லும். வெடியும் இல்லை, நட்சத்திரமும் இல்லை.

வகுப்பில் இவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. திரையைப் பார்த்து நிற்கவே மாட்டாள். திரைக்கு முதுகு, பிள்ளைகளுக்கு முகம். திரையில் என்ன வரும் என்றுதான் அவளுக்குத் தெரியுமே. எந்தப் பிள்ளைக்குப் புரிகிறது, எது விழிக்கிறது என்பது முகத்தில்தானே தெரியும் என்பாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

இவள் செய்த விளையாட்டுகளிலேயே கொடிகட்டிப் பறந்தது மீன் விளையாட்டு. திரையின் மேலே ஓர் எண் வரும். கீழே மூன்று தொட்டிகள், ஒவ்வொன்றிலும் சில மீன்கள். அந்த எண்ணுக்குச் சரியான தொட்டி எது என்று பார்த்துத் தொட வேண்டும். அவ்வளவுதான். பிள்ளைகள் பித்துப் பிடித்ததுபோல் விளையாடினார்கள். இவளுக்கு மீன் டீச்சர் என்று பெயரே வைத்துவிட்டார்கள். வாரத்துக்கு வாரம் வகுப்பே பறந்தது. ஒரு பையன், அவனை மின்னல் என்று கூப்பிடுவார்களாம், தொட்டிகள் திரைக்கு வந்ததும் வராததுமாகத் தட்டிவிடுவான், எல்லாம் சரியாக இருக்கும். தலைமையாசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. மற்றப் பள்ளிகளிலிருந்து ஆசிரியர்களை அழைத்து வந்து காட்டுவதாக ஏற்பாடு செய்தார். அவர்களுக்குப் பிடித்திருந்தால் அந்தப் பள்ளிகளுக்கும் மீன் விளையாட்டு போகும்.

ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் அது வரவில்லை. கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பெண். சலவைக் கடையில் வேலை பார்க்கும் அம்மாவின் ஒரே மகள். அவள் திரைக்குப் போய் விரலை வைத்தால் போதும், என் தம்பியின் குரல் "மறுபடி பார்ப்போம்" என்று குழையும். திரும்ப வைத்தாலும் அதே. மற்றப் பிள்ளைகள் அவளுக்கு 'மறுபடி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "மறுபடி, பென்சில் குடு", "மறுபடி, தள்ளி உட்காரு." இவள் அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது ஒட்டிக்கொண்டதுதான். கழுதையே கத்தியிருந்தால்கூட அந்தப் பெண்ணுக்கு இந்தப் பட்டப்பெயர் வந்திருக்காது.

அந்தப் பெண்ணைக் கணக்குப் பாடத்துக்கு மட்டும் ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைப்பது என்று முடிவாயிற்று. சொன்னது தலைமையாசிரியர், மறுக்காமல் தலையாட்டியது இவள். அடுத்த வாரத்திலிருந்து போக வேண்டும். அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னபோது அந்த அம்மா, "வீட்டுல நல்லாதான் எண்ணுறா டீச்சர். மடிச்சு வெச்ச துணியில ஒண்ணு குறைஞ்சாலும் சொல்லிடுவா" என்றாளாம். "இங்க வரலையேம்மா" என்று இவள் சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் நின்ற பெண் நிமிர்ந்து பார்த்து, "சின்னப் பிள்ளைங்களோடயா டீச்சர்?" என்று மட்டும் கேட்டதாம். அதை வந்து என்னிடம் சொன்ன அன்று இவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் நன்மைக்குத்தான், அடிப்படை சரியாகிவிட்டால் திரும்ப மேலே வந்துவிடுவாள் என்று எனக்குச் சொல்வதுபோல் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது.

மற்றப் பள்ளி ஆசிரியர்கள் வருவதற்கு முந்தின சாயங்காலம். மீன்களுக்கு நிறத்தைக் கொஞ்சம் மாற்றியிருப்பதாகவும் ஒரு தடவை விளையாடிப் பார்க்கும்படியும் லேப்டாப்பை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அதன் திரையும் தொட்டால் வேலை செய்யும். என் கண்ணாடி கீழே தையல் மெஷின்மேல் கிடந்தது. படியிறங்கிப் போய் எடுத்துவர முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மீன் எல்லாம் எனக்கு ஒரே மசமசப்பாகத் தெரிந்தது. சரி, தட்டித்தான் பார்ப்போமே என்று தட்டினேன். "ஆறு" என்றது இவள் குரல். அடுத்தது, "ஒன்பது." அதற்கடுத்ததும் சரி. நான் தட்டத் தட்ட எல்லாம் சரியாக விழுந்தது. என் தம்பி எழுந்து வந்து பின்னால் நின்று, "அக்காவை ரெண்டாம் கிளாஸ்ல சேர்த்துடலாம் போல" என்றான்.

இவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். கண்ணாடியில்லாமல் எப்படி எண்ணினேன் என்று கேட்டாள்.

"எண்ணினாத்தானேம்மா? மூணு தொட்டி வருதுல்ல, அதுல ஒண்ணு மட்டும் கொஞ்சம் தயங்கிக் கடைசியா வருது. அதைத் தட்டினா சரிங்குது."

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க முகம் வெளுத்துக்கொண்டே போனது. அப்புறம்தான் எனக்கு விளக்கினாள். சரியான தொட்டியோடு மட்டும் அவள் தன் குரலைச் சேர்த்து வைத்திருக்கிறாள். லேப்டாப்போ பழசு. குரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வர வேண்டியிருப்பதால் அந்தத் தொட்டி மட்டும் மற்ற இரண்டுக்கும் பின்னால் ஒரு கண் சிமிட்டும் நேரம் தங்கி வருகிறது. எண்ணத் தெரிந்த பெரியவர்கள் யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். எண்ண வேண்டாம் என்று நினைக்கிற யாரும் கவனித்துவிடுவார்கள். வகுப்பில் அத்தனை பிள்ளைகளும் கவனித்திருக்கிறார்கள். மின்னல் எல்லாருக்கும் முன்னால் கவனித்திருக்கிறான். கவனிக்காதவள் இவள் ஒருத்திதான், திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவள்.

"யாருமே எண்ணலைக்கா" என்றாள். 

எனக்கு மனசு கேட்கவில்லை. விளையாட்டு நல்ல விளையாட்டுதான், நான்தான் குறுக்கு வழியில் போய்விட்டேன், இப்போது ஒழுங்காக எண்ணிக் காட்டுகிறேன் என்று சொல்லி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தேன். மேலே ஐந்து என்று எண் இருந்தது. பொத்தானை எப்படி எண்ணுவேனோ அப்படியே முதல் தொட்டியின் முதல் மீன்மேல் விரலை வைத்து, "ஒண்ணு" என்றேன். "மறுபடி பார்ப்போம்" என்றான் என் தம்பி, பெட்டிக்குள்ளிருந்து. இன்னும் எண்ணி முடிக்கவில்லையே என்று திரும்ப விரலை வைத்தேன். "மறுபடி பார்ப்போம்."

"என்னம்மா இது, எண்ணவே விடமாட்டேங்குது?" என்றேன். தொட்டியில் எங்கே விரல் பட்டாலும் இதுதான் விடை என்று அது எடுத்துக்கொள்கிறது. சரியான விடையையோ இவள் முதல் தொட்டியில் வைத்ததே இல்லை, பிள்ளைகள் மற்றதையும் பார்க்கட்டும் என்று. தொட்டுத் தொட்டு எண்ணுகிறவள் முதல் மீனிலேயே தோற்றுப் போவாள்.

அவள் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். பேய் அறைந்தவள் மாதிரி ஆகிவிட்டது முகம். "அந்தப் பொண்ணு இப்படித்தான்க்கா தொடுவா. ஒவ்வொரு தடவையும் இதே மாதிரி, முதல் தொட்டியில, முதல் மீனைத்தான் தொடுவா" என்றாள். அதன் பிறகு அழுதாள். நான் தடுக்கவில்லை. அழ வேண்டிய விஷயம்தானே அது. எண்ணத் தெரியாத பிள்ளைகளை எல்லாம் கெட்டிக்காரர்கள் என்று தட்டிக்கொடுத்துவிட்டு, எண்ணிக்கொண்டிருந்த ஒரே பிள்ளையைக் கீழ் வகுப்புக்கு அனுப்பத் தலையாட்டியிருக்கிறாள். அதுவும் அந்தப் பிள்ளையைப் பெற்றவள் வந்து நின்று உள்ளதைச் சொன்ன பிறகு.

என் தம்பி நல்லவன்தான், ஆனால் லாரி அலுவலகத்து மூளை அவனுக்கு. குரலை மூன்று தொட்டிக்கும் சேர்த்துவிட்டால் தாமதம் போய்விடும், ராத்திரியே சத்தமில்லாமல் சரி செய்துவிடு, யாருக்குத் தெரியப் போகிறது என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனுக்குப் பதில் சொன்னாள். சரி செய்துவிட்டால் நாளைக்குப் பிள்ளைகள் முழித்துக்கொண்டு நிற்பார்கள், ஏன் என்று யாருக்கும் தெரியாது. சரி செய்யாவிட்டால் வருகிறவர்கள் இதே விளையாட்டை அப்படியே தங்கள் பள்ளிக்குக் கொண்டுபோவார்கள், அங்கேயும் ஒரு மறுபடி உண்டாவாள். 

தலைமையாசிரியருக்குப் போன் போட்டாள். மனுஷர் கெட்டவர் இல்லை. மறுநாள் விருந்தாளிகள் வருகிற படபடப்பு அவருக்கு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாளைக்கு இருக்கிறபடி காட்டிவிடலாம், அவர்கள் போன பிறகு நிதானமாகச் சரி செய்யலாம் என்றார். அந்தப் பெண் விஷயம் என்ன என்று இவள் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கே காதில் விழுந்தது. "அவ எண்ணுறதை நான் என் கண்ணால பார்த்தா மாத்திக்கலாம் டீச்சர். இத்தனை வாரமா ஒரு சரியான விடைகூட இல்லையே. நாளைக்கு மட்டும் அதெல்லாம் வேண்டாம்." இவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் நானும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சும்மா போகவில்லை; ஜன்னல் வெளிச்சம் திரையில் அடிக்கிறது என்று பள்ளியில் சொல்லியிருந்ததால் கறுப்புத் துணியில் திரைச்சீலைகள் தைத்திருந்தேன், மாட்ட வேண்டியிருந்தது. ஒன்று கூடுதலாகவே தைத்திருந்தேன். நான் ஸ்டூலில் நின்று மாட்டிக்கொண்டிருக்கும்போதே விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். நாலைந்து ஆசிரியைகள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒரு பெரியவர். குட்டி நாற்காலிகளில் முழங்கால் மடங்க உட்கார்ந்தார்கள். இறங்கிப் போகலாமா என்று நான் பார்த்தேன், அவள் கண்ணாலேயே இரு என்றாள்.

முதலில் எப்போதும் போலவே ஓட்டினாள். மின்னல் வந்தான், தட்டினான், சரி. இன்னொரு பிள்ளை, சரி. இன்னொன்று. விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்கள். தலைமையாசிரியரின் முகத்தில் கல்யாண வீட்டுக்காரரின் களை. 

அப்போது அவள் என் பக்கம் திரும்பி, "அக்கா, அந்த மிச்சத் துணியைக் கொண்டு வாங்க" என்றாள். திரைக்கு முன்னால் அதைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். துணிக்குப் பின்னால் மூன்று தொட்டிகளும் வந்து நிற்கும்வரை காத்திருந்து, இறக்கச் சொன்னாள். இறக்கினேன். அதே விளையாட்டு, அதே மீன்கள். மின்னலைத் தட்டச் சொன்னாள்.

அவன் விரலை நீட்டினான். நீட்டியபடியே நின்றான். திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என் கையில் இருந்த துணியைப் பார்த்தான்.

"எது கடைசியா வந்துச்சுன்னு நான் பார்க்கலையே டீச்சர்" என்றான். பொய்யில்லாத பிள்ளை. கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொன்னான்.

அடையாள அட்டைப் பெரியவர் புரியாமல் தலைமையாசிரியரைப் பார்த்தார். இவள் அவனைத் தட்டிக்கொடுத்து, போய் உட்காரச் சொன்னாள். பிறகு பெரியவர்கள் பக்கம் திரும்பி, நடந்ததை அப்படியே சொன்னாள். விளையாட்டைச் செய்தது தான்தான் என்றும், எந்தத் தொட்டி பிந்தி வருகிறது என்று பார்ப்பதற்குத்தான் அது பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறது என்றும், எண்ணுகிற பிள்ளையை அது தொட்டதும் தள்ளிவிடுகிறது என்றும் சொன்னாள். மன்னிப்பு, சாக்கு, சுற்றி வளைப்பு எதுவும் கிடையாது. பிள்ளைகளிடம் பேசும் அதே குரல். தலைமையாசிரியர் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஆசிரியை மட்டும் வாய்விட்டு, "எங்க பள்ளியிலயும் இப்படித்தான் ஏதோ நடக்குது" என்றார், கேலியாகச் சொல்லவில்லை.

பெரிய திரையிலிருந்து லேப்டாப்புக்கு இரண்டு வயர்கள் போகின்றன. ஒன்று படத்துக்கு, மற்றது விரல் பட்டதைச் சொல்வதற்கு. இரண்டாவதைப் பிடுங்கினாள். இப்போது திரை வெறும் படம். யார் எங்கே தொட்டாலும் அதற்கு உறைக்காது. கடைசி வரிசையைப் பார்த்து அந்தப் பெண்ணை அதனுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அது யார் பெயர் என்று சில பிள்ளைகள் திரும்பித் தேடினார்கள். 

பெண் வந்தது. ஒல்லிப் பெண், கை கொஞ்சம் நீண்ட சட்டை. மேலே எண் ஏழு. முதல் தொட்டியின் முதல் மீன்மேல் விரலை வைத்துவிட்டு, சுடுசட்டியைத் தொட்டதுபோல் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. என் தம்பியின் குரலுக்காகக் காத்திருந்தது. குரல் வரவில்லை. திரும்பி டீச்சரைப் பார்த்தது. டீச்சர் பிடுங்கிய வயரைக் கையில் தூக்கிக் காட்டினாள்.

"இனிமே அது பேசாது. நீ எவ்வளவு வேணும்னாலும் தொடு."

பெண் திரும்ப விரலை வைத்தது. ஒன்று. இரண்டு. ஒவ்வொரு மீனையும் தொட்டு, அது சரியாகத் தொடப்பட்டதா என்று பார்த்து, அடுத்ததற்குப் போனது. அவசரம் என்பதே இல்லை. முதல் தொட்டியில் நாலு. "இது இல்ல" என்றது, தனக்குத்தானே. இரண்டாவது தொட்டிக்கு நகர்ந்தது.  மூன்று, நாலு, ஐந்து. தலைமையாசிரியர் தலையை நிமிர்த்தியிருந்தார். அவருடைய உதடுகளும் கூடவே அசைந்துகொண்டிருந்தன. ஆறு. அதற்கு மேலே இன்னும் ஒரு மீன் இருந்தது, தொட்டியின் மேல் விளிம்பை ஒட்டி. பெண் குதிகாலை உயர்த்திக் கையை நீட்டிப் பார்த்தது. சட்டைக் கை தோள்வரை வழிந்து இறங்கியது. விரல் மீனுக்குக் கீழேயே நின்றது. ஒரு தடவை குதித்தும் பார்த்தது. தொடாமல் எண்ண அதற்கு மனசில்லை.

தலைமையாசிரியர் கனைத்துக்கொண்டு, "போதும் டீச்சர். அதான் தெரியுதே, எனக்குத் தெரிஞ்சுடுச்சு" என்றார்.  அடையாள அட்டைப் பெரியவரும் தலையசைத்தார்.

"எண்ணி முடிக்கட்டும் சார்" என்றாள் என் தம்பி மனைவி. வயரை மேசைமேல் போட்டாள். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் போய் நின்று, அதன் இடுப்பில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கி, மேல் மீனில் விரல் படும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.